ஆற்றையும் காட்டையும் காக்க வரும் பிள்ளைகளுக்கு



சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஆற்றுக்காகவும் காட்டுக்காகவும் உழைக்க வேண்டும் என்று படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் வருகிறீர்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் ஊர்களிலிருந்து வருகிறீர்கள். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வருகிறீர்கள். எங்கே தொடங்குவது, யாரைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்று கேட்கிறீர்கள். இந்த வேலையிலேயே முடி நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இந்த மண்ணில் ஆற்றின் வழக்கு, காட்டின் வழக்கு, ஏழை மனிதரின் வழக்கு என்று மூன்று வழக்குகள் இல்லை. மூன்றும் ஒரே வழக்கு. ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றைக் கைவிட்டால் மூன்றும் போய்விடும். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

1. நீர் போகும் வழியை முதலில் படியுங்கள்.

மாவட்ட வரைபடத்தை எடுத்து வையுங்கள். எல்லைக்கோடுகளை மறந்துவிட்டு ஆறுகளை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். பாகாலா பக்கத்து மலையில் பிறக்கும் சொர்ணமுகி, தமிழில் பொன்முகலி, சந்திரகிரி, திருச்சானூர், ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாக வங்கக்கடலுக்குப் போகிறது. ஆரணியாறு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. நகரியாறும் குசஸ்தலையும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. அது சென்னையின் குடிநீர். பலமநேர் காட்டின் கௌண்டின்ய நதி மோர்தானா அணை, குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் கலக்கிறது. சித்தூர் நகரத்தின் நீவா நதியும் பொன்னையாறாகிக் கடைசியில் பாலாற்றுக்குத்தான் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் பிடிபடும். சித்தூர்க் காட்டில் வெட்டப்படும் மரமும், நகரியில் வடியும் சாயத் தண்ணீரும், பிச்சாட்டூரில் அள்ளப்படும் மணலும் எங்கோ கீழே ஒரு ஊரின் கிணற்றில் கணக்குத் தீர்க்கப்படுகின்றன. நீங்கள் எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்த ஊரின் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் கால்நடையாக நடந்து பார்த்துவிட்டு அப்புறம் வாயைத் திறவுங்கள். ஒரு முறை கோடையிலும் ஒரு முறை ஐப்பசி கார்த்திகை மழையிலும் நடக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு ஆறுகள் போலத் தெரியும்.

2. இரண்டு மொழியிலும் கேளுங்கள். கேட்ட பிறகு பேசுங்கள்.

தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் தெலுங்கு கற்றுக்கொள்ளுங்கள். மனு எழுதுவதும், அதிகாரியிடம் பேசுவதும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் குறிப்பைச் சரிபார்ப்பதும் தெலுங்கில் நடக்கும். மதகைத் தூமு என்பார்கள், ஓடையை வங்கை என்பார்கள், மலைப் பள்ளத்தாக்கைக் கோனை என்பார்கள். இந்தச் சொற்கள் தெரியாமல் ஏரிக் கரையில் நின்றால் பாதி தகவல் காதில் விழாது.

கேட்க வேண்டியவர்களையும் தேர்ந்து கேளுங்கள். நாட்டாண்மைக்காரரும் சர்பஞ்சும் முதலில் வந்து பேசுவார்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். ஆனால் ஆற்றங்கரையில் குடியிருக்கும் யானாதி, இருளர் குடும்பங்களுக்குத்தான் எந்த மடுவில் எந்த மாதம் என்ன மீன் வரும், எந்த வருஷம் அது நின்றுபோனது என்பது தெரியும். ஆடு மேய்க்கும் பெரியவருக்குத்தான் எந்தச் சுனை எப்போது வற்றியது என்பது தெரியும். தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்களிடம் கேட்டால் கிணற்று நீரின் ருசி எந்த ஆண்டு மாறியது என்று சொல்வார்கள். ஆய்வுக்கூட அறிக்கைக்கு முந்திய சாட்சி அது.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969-ல் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்தத் தீவின் காட்டையும் கழியையும் நம்பி வாழ்ந்த யானாதிகள் தங்கள் பழைய வாழ்க்கையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நாட்டுக்குத் தேவையான காரியங்களுக்கும் விலை கொடுப்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வர வேண்டும்.

3. செம்மரத்தைக் காக்கும்போது அதை வெட்டப் போனவரையும் பாருங்கள்.

செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டுமே. சேஷாசலம், வேலிகொண்டா மலைகளும் அவற்றை ஒட்டிய காடுகளும்தான் அதன் வீடு. வைரம் பாய்ந்த நடுமரம் உருவாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் அது இருக்கிறது. இருந்தும் கிழக்காசியச் சந்தையில் அதற்கு இருக்கும் விலை காட்டுக்குள் ஆட்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

யாரைத் தள்ளுகிறது என்று பாருங்கள். கோடாரி பிடிப்பவர்களில் பலர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலை, தருமபுரி, சேலம் பக்கத்து ஏழைகள். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கடத்தல் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிப் பக்கத்துக் காட்டில் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்கள் சம்பளக்காரர்களும் கூலிக்காரர்களும். மரத்தை விற்றுப் பணக்காரர் ஆனவர்கள் அந்தக் காட்டுக்குள் காலே வைக்காதவர்கள்.

வனக்காவலர் இறந்ததற்கு மட்டும் கண்ணீர் விடுபவரும், கூலி இறந்ததற்கு மட்டும் கொதிப்பவரும் இந்த வேலைக்குப் பயன்பட மாட்டார்கள். இரண்டு வீட்டு வாசலிலும் போய் உட்காரும் மனசு வேண்டும். அதற்கு மேலே போய், அந்த மலைக்கிராமத்து இளைஞருக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபோது தமிழ்நாட்டு இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978-ல் மாமல்லபுரம் பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொன்று தோல் உரித்த அதே திறமை, பாம்பை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுவதற்குப் பயன்பட்டது. அந்த விஷத்திலிருந்து செய்த மருந்து இந்தியா முழுவதும் பாம்புக்கடிக்காரர்களைப் பிழைக்க வைக்கிறது. 2023-ல் அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சட்டம் கதவை மூடும்போது பக்கத்திலேயே இன்னொரு கதவைத் திறந்துவிட்ட உதாரணம் இது. செம்மரத்துக்கும் அப்படி ஒரு தொடக்கம் இருக்கிறது: பட்டா நிலத்தில் முறையாக வளர்த்த விவசாயிகளுக்குத் தேசிய பல்லுயிர் ஆணையம் பலன் பங்கீட்டுத் தொகை கொடுத்திருக்கிறது. அதை மலைக்கிராமத்து ஏழை வரைக்கும் கொண்டுபோகும் வழியைத் தேடுங்கள்.

4. யானையின் பக்கம் நிற்க வேண்டுமானால் விவசாயியின் பக்கமும் நில்லுங்கள்.

ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளாக யானை இல்லாத சித்தூர்க் காடுகளுக்கு 1980-களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் வந்தன. அவற்றுக்காக 1990-ல் கௌண்டின்ய வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பலமநேர், குப்பம் பகுதியில் காட்டை ஒட்டியே தக்காளித் தோட்டமும் மாந்தோப்பும் நெல்வயலும் இருக்கின்றன. ஒரு இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் போய்விடும். ஆத்திரத்தில் கட்டிய திருட்டு மின்கம்பியில் யானை செத்திருக்கிறது. யானை மிதித்து விவசாயி செத்திருக்கிறார். 2023 ஜூனில் பலமநேர் அருகே நெடுஞ்சாலையில் லாரி மோதி மூன்று யானைகள் செத்தன.

யானை வந்த தகவல் கிடைத்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கூட்டம் கூடினால் யானை மிரளும். மிரண்ட யானை ஆளைக் கொல்லும். உங்கள் வேலை மறுநாள் காலையில் தொடங்குகிறது. பயிர் அழிந்த நிலத்துக்குப் போங்கள். படம் எடுத்து, சர்வே எண் எழுதி, இழப்பீட்டு மனுவை வனச்சரக அலுவலகத்தில் அந்த விவசாயியோடு சேர்ந்து கொடுங்கள். பணம் வரும்வரை விடாமல் பின்தொடருங்கள். இழப்பீடு உரிய காலத்தில் கைக்கு வந்த ஊரில் மின்கம்பி கட்டும் கை தயங்கும். யானையைக் காக்க நானறிந்த வழிகளில் மிகவும் பலன் தந்தது இதுதான்.

சிறுத்தைக்கும் இதே நியாயம்தான். 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. பெற்றவர்களின் துக்கத்துக்கு முன்னால் வனவிலங்குத் தத்துவம் பேசாதீர்கள். வாய்மூடித் தலைகுனிந்து நின்றுவிட்டு, பிறகு நடைபாதையில் வீசப்படும் உணவுக் கழிவைப் பற்றிப் பேசுங்கள். கழிவு நாயையும் பன்றியையும் இழுக்கிறது. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. குப்பையை அகற்றினால் பக்தரும் பிழைப்பார், சிறுத்தையும் பிழைக்கும்.

5. மணலைத் தண்ணீராகப் பாருங்கள்.

நம் ஆறுகள் ஆண்டில் பெரும்பகுதி மணலுக்கு அடியில்தான் ஓடுகின்றன. மழை வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கிணறுகளுக்கு மெல்ல விடுவது மணல். முன்பு ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டித்தான் கரையோர வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். மணலை அடிப்பாறை வரை சுரண்டிவிட்டால் வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இன்னும் கீழே போகும். பாலத்தின் தூண் அடித்தளம் வெளியே தெரியும்.

மாட்டுவண்டியில் வீடு கட்ட நாலு நடை மணல் எடுப்பவரையும், இயந்திரம் இறக்கி இரவெல்லாம் லாரி ஓட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஏழை மேல் பாய்வது சுலபம். அதனால் ஆறு மிஞ்சாது. எங்கே குத்தகை கொடுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை ஹெக்டேர், எத்தனை டன், எது வரை என்ற ஆவணத்தைக் கேளுங்கள். தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 3 மீட்டருக்குக் கீழே தோண்டக் கூடாது. மழைக்காலத்தில் ஆற்றில் எடுக்கக் கூடாது. ஆந்திரத்துக்கென்றே 2002-ல் வந்த நீர், நிலம், மரங்கள் சட்டம், வால்டா என்று எல்லோரும் சொல்வது, தாசில்தார் கையில் இருக்கிறது. இவை தெரிந்தவர் கேட்கும் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

6. அளந்து எழுதுங்கள்.

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கம் விசைத்தறியும் சாயப்பட்டறையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு. அந்தச் சாயத் தண்ணீர் குசஸ்தலையில் இறங்கியதும் உண்மை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கோபப்படுவது போதாது. நிறம் ஒரு மழையில் போய்விடும், உப்பு போகாது. சாயம் துணியில் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பு நிலத்தடியில் இறங்கினால் கிணறு தலைமுறைக்கும் கெடும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒரு முறை, அதே நாளில், அதே கருவியால் அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் உங்களை யாரும் அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் நீதிமன்றத்தில் சாட்சியாகாது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்ன முறைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எடுத்த மாதிரிதான் செல்லும். உங்கள் நோட்டு, அந்த அலுவலரை எந்த நாளில், எந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி.

திருப்பூரை மறக்காதீர்கள். நொய்யல் கெட்டுப்போன பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அங்குள்ள சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். நகரியில் அந்த நிலை வருவதற்கு முன்பே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று பட்டறைத் தொழிலாளரோடு சேர்ந்து கேளுங்கள். அவர் வீட்டுக் கிணறும் அதே உப்பைத்தான் குடிக்கிறது.

7. ஏரியின் ஆவணத்தை ஏரியைப் போலவே காப்பாற்றுங்கள்.

2021 நவம்பர் மழையில் திருப்பதி வெள்ளக்காடானது. ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. அதே மழையில் பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணை உடைந்து பலர் உயிரிழந்தார்கள். சங்கிலித் தொடராக வெட்டிய ஏரிகளில் ஒன்றின் வரத்துக்காலை அடைத்தால் அதன் கீழுள்ள அத்தனை ஏரியும் கெடும். கலங்கலை அடைத்தால் கரையே போகும்.

உங்கள் ஊர் ஏரியின் பரப்பு, முழுக் கொள்ளளவு மட்டம், வரத்துக்கால், கலங்கல், மதகு எல்லாவற்றையும் பழைய கிராம வரைபடத்திலிருந்து எடுத்து வையுங்கள். ஆக்கிரமிப்பு எங்கே என்று சர்வே எண்ணோடு சொல்லுங்கள். ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த ஆக்கிரமிப்பில் நிலமில்லாத ஒருவரின் குடிசை இருந்தால், மாற்று இடம் கேட்கும் மனுவையும் அதே கையால் எழுதுங்கள்.

8. சட்டத்தின் நாட்கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005: 30 நாளில் பதில் வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006: மக்கள் கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதியின் தலைமை, முழுக்க வீடியோப் பதிவு. மக்கள் சொன்னதை எழுதி, கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டும்வரை எழுந்து போகாதீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010: ஆந்திரத்துக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு 30 நாளுக்குள். இழப்பீட்டு வழக்கு அல்லாத மற்ற வழக்கு பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் இரண்டுக்கும் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதன் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு திறக்காது. நல்ல வழக்குகள் நாள் கடந்து செத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிந்தன. நகரியும் குப்பமும் சித்தூரில். புத்தூரும் சத்தியவேடும் ஸ்ரீகாளஹஸ்தியும் சூலூர்ப்பேட்டையும் திருப்பதியில். எந்த ஆட்சியருக்கு மனு என்பதைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

9. தீர்ப்பு வந்த அன்றுதான் வேலை தொடங்குகிறது.

பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு அது. ஆனால் ஆறு தூய்மையாகவில்லை. அதே பாலாற்றுக்காக, வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

காந்தியவாதி ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடி 1996 டிசம்பரில் பெரிய தீர்ப்பு வாங்கினார். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தது, பண்ணைகள் தொடர்ந்தன. அவர் தளரவில்லை, தொடர்ந்து மக்களோடே இருந்தார். நீங்களும் தீர்ப்பு நகலை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டி, ஒவ்வொரு உத்தரவையும் யார், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

10. எல்லைக்கு அப்பால் இருப்பவரைப் பகையாளி ஆக்காதீர்கள்.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. குப்பத்தில் தடுப்பணை உயரும் ஒவ்வொரு முறையும் ஆற்று நீர் பற்றிய 1892 மெட்ராஸ்-மைசூர் ஒப்பந்தம் பேச்சுக்கு வரும், இரண்டு பக்கமும் கோஷம் எழும். வறண்ட குப்பத்து விவசாயியும் வாணியம்பாடி விவசாயியும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து மழைக்கணக்கைப் பேச வையுங்கள். முடியாத காரியம் இல்லை: 1983 ஒப்பந்தத்தால் கிருஷ்ணா நீர் சத்தியவேடு வழியாக ஊத்துக்கோட்டை எல்லைக்கு வந்து சென்னையின் தாகம் தீர்க்கிறது.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி திருப்பதி மாவட்டத்தில், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். பூநாரைக்கு எல்லை தெரியாது, இறாலுக்கும் தெரியாது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரி முழுதும் கெடும், இரு மாநில மீனவருக்கும் வலை வெறுமையாகும். யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று தமிழ் மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் அந்த ஏரியிலேயே இருக்கிறது. நியாயமாகப் பகிரும் அறிவு நம் மக்களிடமே உண்டு. அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

11. சிறிய உயிர்களின் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

திருமலைப் பாறை இடுக்குகளில் பொன்பல்லி இருக்கிறது. சேஷாசலத்தில் இரவில் தேவாங்கு நடமாடுகிறது. திருப்பதி, கடப்பை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சைகஸ் பெட்டோமி என்ற தாவரம் இந்த மலையில் நிற்கிறது. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு இவையும் காரணம். மலையேறும் லட்சக்கணக்கான பக்தர்களில் மிகச் சிலருக்கே இது தெரியும். பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி ஒவ்வொரு ஊருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளையும் ஊர் வைத்தியரையும் கூட்டி அதை நீங்கள் எழுதுங்கள். பிறகு ஒரு குவாரி வரும்போது, இங்கே ஒன்றுமில்லை வெறும் பாறைதான் என்று யாரும் அறிக்கை எழுத முடியாது.

12. உங்கள் உயிரையும் பெயரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் தனியாக ஆற்றுக்குப் போய் லாரியைப் படம் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். அது குற்றம், உங்கள் எதிரிக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதம். கையில் ஆவணம் இல்லாமல் ஒருவர் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். மனுவில் ஒரு கையெழுத்துக்குப் பதில் ஐம்பது கையெழுத்து வாங்குங்கள். ஐம்பது பேரை மிரட்டுவது கடினம். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுங்கள். நேர்மையான வன அலுவலரும் தாசில்தாரும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்லதை ஊரறியச் சொல்லுங்கள். அம்மா அப்பாவிடம் எதையும் மறைக்காதீர்கள். பிழைப்புக்கு ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பசித்த வயிற்றோடு இருபது வருஷம் போராட முடியாது, இது இருபது வருஷ வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் எல்லாவற்றையும் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு ஊரை, ஒரு ஓடையை, அல்லது ஒரு ஏரியைத் தேர்ந்தெடுங்கள். வருகிற மழைக்கு முன்னால் அதன் கரையை முழுதும் நடந்துவிடுங்கள். அங்கே வாழும் மிக ஏழைக் குடும்பத்தின் பெயரையும் மிகச் சிறிய உயிரின் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் தீங்கு வராமல் எது காக்கப்படுகிறதோ, அதுவே உண்மையில் காக்கப்பட்டது. வாருங்கள், வேலை நிறைய இருக்கிறது.